பாதகமான தகவல் எதுவும் இல்லை

கனடா என்ற பெயர் நீலகிரியில் இருக்கும் எங்கள் ஊரான இத்தலாருக்குப் புதிதல்ல. ஊரைத் தாண்டி எமரால்டுக்குப் போகும் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். குந்தா நீர்மின் திட்டத்தின் தண்ணீர் அது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அரசு கொடுத்த உதவியில் வளர்ந்த திட்டம் இது. இயந்திரங்களும் பொறியாளர்களும் அங்கிருந்து இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களை நேரில் பார்த்த பெரியவர்கள் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) இப்போது அதிகம் பேர் இல்லை. ஆனால் கனடா என்றால் எங்கள் வீடுகளில் அணைக்கட்டு கட்டிக் கொடுத்தவர்களின் நாடு என்றுதான் முதலில் நினைவு வரும்.

அந்த நாட்டுக்கு என் அக்கா மகள் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தாள். அவள் நர்ஸ். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, பிறகு அபுதாபிக்குப் போய்ச் சில வருடங்கள் வேலை செய்து, அக்காவின் உடம்புக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியவள். ஒரு வருடத்துக்கும் மேலாக இத்தலாரில்தான் இருந்தாள். தேயிலை பறிக்க ஆள் கிடைக்காத நாட்களில் தோட்டத்துக்குப் போவாள், இரவில் ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பாள். எங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழா முடிந்த ஜனவரியில் அழைப்பு வந்தது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எல்லாக் காகிதங்களோடும் விண்ணப்பத்தைச் சேர்த்துவிட வேண்டும். படிப்புச் சான்றும் வேலைச் சான்றும் அவளிடம் தயாராக இருந்தன. ரொம்ப முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாத ஒன்றுதான் மிச்சம். காவல்துறைச் சான்று. எல்லோரும் சொல்வது பி.சி.சி.

இதில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. கனடா, 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில் எந்த நாட்டிலாவது தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றைக் கேட்கிறது. இப்போது வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் குடியேற்ற விசாவுக்கு 16 வயதிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. ஆஸ்திரேலியா கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடுகளைக் கேட்கிறது. வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சுலபமல்ல. எந்த மாதம் எந்த ஊரில் இருந்தேன் என்பதை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாடு காவல்துறையே இணையத்தில் ஒரு சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. வேலைக்குச் சேர்வதற்கும் வீட்டுக்கு ஆள் வைப்பதற்கும் அது போதும். குடியேற்றத்துக்கு வெளிநாடுகள் எதிர்பார்ப்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்றை. விசாரிப்பது போலீஸ், கையெழுத்துப் போடுவது பாஸ்போர்ட் அதிகாரி. பெயரில் போலீஸ் இருப்பதால் பலர் நேராக ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பி, 500 ரூபாய் கட்டி, நேரம் குறித்துக்கொண்டு போவதுதான் வழி. 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலையங்களில் உள்ள பாஸ்போர்ட் மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. மலைக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் எங்களுக்குச் சீக்கிரமாகக் கிடைத்த தேதி கோவையில் இருந்தது.

விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். ஜனவரி உறைபனி புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களில் அந்த நேரத்துக்கே விளக்கு எரிந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரிகள் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றன. ஊட்டியில் பஸ் மாறினோம். குன்னூரைத் தாண்டி பர்லியார் வந்ததும் காதடைத்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கல்லாறு தாண்டும்போது எதிர்த்திசையில் மேலே ஏறும் வண்டிகளை நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு. நீலகிரிப் பதிவு எண் கொண்ட வண்டிக்கு அது வேண்டியதில்லை. 43 என்ற அந்த எண்ணே எங்களுக்குச் சான்றாகிவிடுகிறது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நான் அங்கே போனப்பறம் ஊருக்கு வர்றப்ப டாக்ஸி எடுத்தா பாஸ் போடணுமா மாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எனக்கு வலித்தது. உள்ளூர் வண்டியை அனுப்பிவைக்கிறேன், பாஸ் எல்லாம் வேண்டாம் என்றேன்.

அவிநாசி சாலையில் பாஸ்போர்ட் மையத்துக்கு வெளியே, ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம். உள்ளே டோக்கன் எண் திரையில் ஓடுகிறது. முதல் கவுண்டரில் புகைப்படம், கைரேகை, ஆவணம் சரிபார்த்தல். இரண்டாவதில் அசலைப் பார்த்து விசாரிக்கிறார் ஒரு அதிகாரி. மூன்றாவதில் முடிவு. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் ஒன்றாக இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். அவளுக்கு இரண்டும் இத்தலார்தான். இருந்தாலும் போலீஸ் விசாரணைக்கு அனுப்புவோம் என்றார்கள். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத முகவரி அது. தகப்பன் பெயர், ஊர், அஞ்சல், தாலுகா. அவ்வளவில் ஹட்டியில் யார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

காத்திருக்கும் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். குன்னூர் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்தவர். மனைவியும் கூட இருந்தார். மகள் டொராண்டோவில் இருக்கிறாள், அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ள எழுதிப் போட்டிருக்கிறாள். பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். அதில் பழுப்பேறிய ஒன்றை என்னிடம் காட்டினார். இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்றது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரின் கதி பத்து வருடம் கழித்துத்தான் முடிவாயிற்று. அந்த மக்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இந்த மலைகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. பெரியவர் இளைஞராக இலங்கையில் கொழுந்துக் கூடைகளை நிறுத்துக்கொண்டிருந்தவர். கண்டியில் இந்தியத் தூதரகக் கிளையில் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்திருக்கிறார். அவர் பிறந்த ஊரை விட்டு வரும்போது யாரும் அவரிடம் விருப்பம் கேட்கவில்லை. காகிதம் ஒன்று வந்தது, கிளம்பினார்கள்.

"இலங்கைப் போலீஸ் காகிதமும் வேணுமாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"வேணாம்னுட்டாங்க தம்பி. பத்து வருஷத்துக்குள்ள எங்க இருந்தோம்னுதான் கேக்கறாங்க. அமெரிக்காவா இருந்தா அங்கயும் எழுதி வாங்கணுமாம். நான் இருந்த லயம் இப்ப இருக்கோ என்னமோ. யாரைக் கேட்டு எழுதுவாங்க?"

அவர் மனைவி எங்கள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, குளிருக்கு என்ன போட்டுக்கொள்வாய் என்று விசாரித்தார். பெயர் அழைத்ததும் இருவரும் எழுந்து போனார்கள். ஒரே ஆயுளில் இரண்டு முறை நாடு மாறுகிறவர்களோடு உட்கார்ந்து பேசியபின் எங்கள் அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை.

விசாரணை எமரால்டு ஸ்டேஷனிலிருந்து வந்தது. சில ஊர்களில் விண்ணப்பதாரரை ஸ்டேஷனுக்கே வரச் சொல்வார்கள். இங்கே காவலர் ஒருவர் பைக்கில் வீட்டுக்கே வந்தார். தெற்கத்திக்காரர். குளிருக்குக் குரங்குக் குல்லாவும் மேலே சீருடைத் தொப்பியும் போட்டிருந்தார். பாஸ்போர்ட், ஆதார், பத்தாவது மார்க் ஷீட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். வழக்கு ஏதாவது இருக்கிறதா, இத்தனை வருடம் எங்கே இருந்தாய், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். பிறகு, "அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சொல்லணும்மா" என்றார்.

இரண்டு பேர் போதும் என்றார், வாசலில் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஹட்டியில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தால் எல்லா வீட்டுக்கும் வந்ததுபோல. பக்கத்து வீட்டு ஹெத்தெ, எண்பதைத் தாண்டிய பாட்டி, வெள்ளை முண்டும் துண்டுமாக முன்னால் வந்து நின்றார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று காவலர் கேட்டார். ஹெத்தெ 2019 மழையிலிருந்து ஆரம்பித்தார். அந்த ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் பக்கமெல்லாம் மண் சரிந்து சாலைகள் அறுந்தன. லீவில் வந்திருந்த இந்தப் பெண், யார் யாருக்குச் சர்க்கரை, யார் யாருக்கு ரத்த அழுத்தம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, இருந்த மாத்திரையைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறாள். தனக்கு ஊசி போட முழங்கால் சேற்றில் நடந்து வந்தாள் என்றார் ஹெத்தெ. படுகு மொழியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். காவலர் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இதை எழுத இடம் இல்லீங்க. தெரியும், நல்லவங்கன்னு போட்டுக்கறேன்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அவர் கேட்க வேண்டியது குற்றம் உண்டா என்பது மட்டும். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் மிஞ்சியது. ஒரு நர்ஸைக் கூப்பிட்டுக்கொள்ளும் நாடு அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சேதி அந்த வாசலில்தான் பேசப்பட்டது. அது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

இதே விசாரணைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023இல் கோத்தகிரி நட்டக்கல்லில் எங்கள் விவசாயிகள் நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த மாதிரிச் சமயங்களில் இளைஞர்களைப் பின்னால் நிற்கச் சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மறியல் வழக்கில் பெயர் வந்து, அது முடியாமல் கிடந்தால், பி.சி.சி. நின்றுபோகலாம். விலை இல்லாததால்தான் பிள்ளைகள் வெளிநாடு போக நினைக்கிறார்கள். வெளிநாடு போக நினைப்பதால் விலை கேட்டு முன்னால் நிற்கத் தயங்குகிறார்கள். திருட்டு வழக்கையும் சாலையில் உட்கார்ந்த வழக்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் நம்புகிறேன்.

சான்று கைக்கு வந்தபோது ஒரே ஒரு பக்கம். பெயர், பாஸ்போர்ட் எண், நாட்டின் பெயர். கனடாவுக்குப் பயணம் செய்யத் தகுதியில்லாமல் ஆக்கும் பாதகமான தகவல் எதுவும் இவரைப் பற்றி இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம். கீழே முத்திரை. அக்கா அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

அதோடு முடியவில்லை. அபுதாபியிலிருந்து கிளம்பும் முன்பே அங்கத்துச் சான்றை வாங்கி வைத்திருந்தாள். வேலை செய்த நாட்டின் சான்று, அங்கே கடைசியாக வசித்ததற்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் வாங்கியது செல்லாது. நல்லவேளையாகப் பழைய எமிரேட்ஸ் அடையாள எண் இருந்ததால் இணையத்திலேயே மறுபடி விண்ணப்பிக்க முடிந்தது. இத்தலாரில் பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும். அதனால் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே இருக்கும் மேட்டில் நின்று கைப்பேசியில் எல்லாம் ஏற்றினாள். கெடு முடிவதற்குள் சான்று வந்தது, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஹட்டியில் வெளிநாடு என்று பேச்செடுக்கும் பிள்ளைகளிடம் அவள் ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறாள். பதினெட்டு வயதிலிருந்து எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த வீடு, யார் வீட்டுக்காரர் என்று எழுதி வரவேண்டும். பெங்களூரில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பையன் போன வாரம் எழுதி எடுத்து வந்தான். நடுவில் நான்கு மாதம் விட்டுப்போயிருந்தது. ஹெத்தெதான் சொன்னார், அந்த நான்கு மாதமும் அவன் இங்கே உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தான் என்று.