யாரும் போடாத லெட் செப்பலின் ஆல்பம்

லெட் செப்பலின் கேட்கிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். பிடித்த ஆல்பம் எது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் நான்காவது என்பார்கள், சிலர் இரண்டாவது என்பார்கள். கொஞ்சம் ஆழமாகக் கேட்பவர்கள் ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’ என்பார்கள். 1976 மார்ச்சில் வந்த ‘பிரசன்ஸ்’ என்று சொல்பவரைக் காண்பது கஷ்டம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்கு வந்த ஆல்பம்தான் அது. ஆனால் வந்த வேகத்தில் அலமாரிக்குள் போய்விட்டது. அவர்களின் மற்ற பெரிய ஆல்பங்கள் விற்ற அளவுக்கு இது விற்கவும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ப்ளூஸை எடுத்துப் பெரிதாக வாசித்துப் புகழ் பெற்ற இந்த பேண்ட், ப்ளூஸை உண்மையிலேயே தங்கள் சொந்தக் கதையாகப் பாடியது இந்த ஆல்பத்தில்தான். அது விளங்க, முதலில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டும்.

1975 ஆகஸ்ட். பாடகர் ராபர்ட் பிளான்ட் குடும்பத்தோடு கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் விடுமுறையில் இருந்தார். அங்கே அவர்கள் போன கார் விபத்தில் சிக்கியது. மனைவிக்கு மிக மோசமான காயம். பிளான்டுக்குக் கணுக்காலும் முழங்கையும் உடைந்தன. அந்த மாதமே தொடங்க வேண்டிய அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது.

அந்த வருடம் அவர்கள் வரிக்காக பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே மிக அதிக வருமானத்துக்கு அப்போது 83 சதவீதம் வரி. நாட்டை விட்டு வெளியே வாழ்வது என்பதற்கு நம் வீடுகளில் வேறு அர்த்தம் உண்டு. இவர்கள் காப்பாற்றப் போனது பணத்தை, உயிரை அல்ல. அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம். ஆனால் பணக்காரனாக இருந்தாலும், கால் உடைந்து, மனைவி பிள்ளைகளைப் பிரிந்து, சொந்த ஊரில் போய்ப் படுத்திருக்கவும் வழியில்லாமல் ஒருவன் பாடினால், அது குரலில் வரத்தான் செய்யும்.

கலிபோர்னியாவின் மாலிபுவில் இருந்துகொண்டு பாட்டுகளை எழுதினார்கள். நவம்பரில் ஜெர்மனிக்குப் போனார்கள். மியூனிக்கில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் பதிவு. அவர்களுக்கு அடுத்து அந்த ஸ்டூடியோவுக்கு வர இருந்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ். கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மிக் ஜாகரிடம் கேட்டு இன்னும் சில நாட்கள் வாங்கித்தான் முடித்தார். ஏறக்குறைய 18 நாட்களில் முழு ஆல்பமும் முடிந்தது. பிளான்ட் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பாடினார்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். டெட்லைன் நெருங்கும்போது எதைச் சேர்ப்பது என்று யாரும் யோசிப்பதில்லை, எதை விடுவது என்றுதான் யோசிப்போம். ‘பிரசன்ஸ்’ ஆல்பத்தில் கீபோர்ட் ஒரு இடத்தில்கூட இல்லை. அக்கூஸ்டிக் கிட்டார் இல்லை என்றே சொல்லலாம். மெதுவான காதல் பாட்டு இல்லை, நாட்டுப்புறப் பாட்டுச் சாயல் இல்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். வறண்ட ஆல்பம் என்று பலர் இதை ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

முதல் பாட்டு ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். விபத்துக்கு முன்பு பிளான்டும் பேஜும் மொராக்கோவில் சுற்றிய பயணம் இதற்குள் இருக்கிறது. அக்கிலீஸ் என்பவன் குதிகாலில் மட்டும் பலவீனம் கொண்ட கிரேக்க வீரன். தன் உடைந்த காலை வைத்து பிளான்ட் செய்த கசப்பான பகிடி அந்தத் தலைப்பு. ஜான் போனமின் டிரம்ஸ் குதிரை மாதிரி பாய்கிறது. ஜான் பால் ஜோன்ஸ் எட்டுத் தந்தி பேஸில் அதைத் துரத்துகிறார். பேஜ் கிட்டாருக்கு மேல் கிட்டாராக அடுக்குகிறார், அந்த அடுக்கு முழுவதையும் ஒரே இரவில் பதிவு செய்தார். இவ்வளவு வேகமும் ஒரு பயணப் பாட்டுக்காக. அதைப் பாடுபவரால் எழுந்து நடக்க முடியாது. இதை மனதில் வைத்துக் கேட்டால் அந்த வேகம் வேறு மாதிரிப் படும்.

இன்னொரு பாட்டு ‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’. ஆல்பத்தில் எழுதியவர்கள் பேஜ், பிளான்ட் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாட்டின் வேர் டெக்சஸைச் சேர்ந்த பார்வையற்ற கறுப்பின இசைக்கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சன். 1927 டிசம்பரில் டல்லஸில் அவர் இதைப் பதிவு செய்தார். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டும் படிக்காமல் விட்டால் என் ஆன்மா தொலைந்துவிடும், அதற்கு நானே பொறுப்பு என்ற பயம்தான் அவருடைய பாட்டு. பிளான்ட் அதைப் பேயும் போதையுமாக மாற்றுகிறார். நடுவில் அவரே மவுத்ஆர்கன் வாசிக்கிறார், அந்த இடம் உடம்பை உலுக்கும். பாட்டு அருமை. ஜான்சனின் பெயரைப் போடாதது தப்பு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜான்சன் வறுமையிலேயே 1945ல் இறந்தார். அவர் அதே நாளில் பதிவு செய்த இன்னொரு பாட்டு, 1977ல் ஏவிய வாயேஜர் விண்கலங்களில் பூமியின் இசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எல்லாப் பாட்டும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ‘ராயல் ஆர்லியன்ஸ்’ ஒரு சின்னச் சிரிப்பு. ‘கேண்டி ஸ்டோர் ராக்’ 1950களின் ராக் அண்ட் ரோலுக்கு வணக்கம், அதற்கு மேல் இல்லை. ஆனால் ‘ஃபார் யுவர் லைஃப்’ கனமான பாட்டு. லாஸ் ஏஞ்சலிஸின் போதைக் கூட்டத்தைப் பார்த்து எழுதியது. அதை அவர்கள் முதன்முதலாக மேடையில் வாசித்தது 2007 டிசம்பரில் லண்டனில். 31 வருடங்கள் காத்திருந்த பாட்டு!

கடைசிப் பாட்டு ‘டீ ஃபார் ஒன்’. பேண்ட் 1970ல் பாடிய ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ என்ற புகழ்பெற்ற ப்ளூஸின் நகல் இது என்று சொல்வார்கள். ஒற்றுமை உண்மைதான். இரண்டும் சி மைனரில் மெதுவாக நகர்கிற ப்ளூஸ். ஆனால் பழைய பாட்டில் ஜோன்ஸின் ஆர்கன் பின்னால் நின்று தாங்கும், பிளான்ட் உச்சத்தில் கதறுவார். புதியதில் ஆர்கன் இல்லை. தாங்க ஒன்றும் இல்லாத இடத்தில் குரல் மட்டும் நிற்கிறது. நியூயோர்க் ஹோட்டல் அறை ஒன்றில் தனியாக இருந்து மணி நகராமல் தவித்ததை அவர் கத்தாமல் சொல்கிறார். ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. இழுக்கிறது என்பது உண்மை. தனிமையும் அப்படித்தான் இழுக்கும். முந்தைய பாட்டில் ஒரு இளைஞன் துக்கத்தை நடித்துக் காட்டினான். இதில் அந்தத் துக்கம் நடிப்பில்லாமல் வருகிறது.

பிறகு ஏன் மறந்தார்கள்? ரேடியோவில் போடச் சுலபமான பாட்டு இதில் இல்லை. பிளான்டின் கால் தேறாததால் ஆல்பம் வந்த வருடம் சுற்றுப்பயணமும் இல்லை. அதே வருடம் அக்டோபரில் அவர்களின் கச்சேரிப் படம் வந்து கவனத்தை இழுத்தது. லண்டனில் பங்க் இசை வேறு கிளம்பியிருந்தது.

கேட்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். முதலில் ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’, உடனே ‘டீ ஃபார் ஒன்’. ஹெட்ஃபோனில், இரவில், ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு. இரண்டாவது பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடித்தால் அடுத்த நாள் முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து போடுங்கள். அதோடு பிளைண்ட் வில்லி ஜான்சனையும் தேடிக் கேளுங்கள். அவர் பாட்டு மூன்று நிமிடம்தான்.