டயட் சார்ட்டுக்குப் பின்னால் எத்தனை வருடப் படிப்பு?

சில வார ஆன்லைன் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். இது போதும், இன்று ஒருவர் நியூட்ரிஷனிஸ்ட் ஆகிவிடலாம். பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன், அதாவது பதிவு பெற்ற உணவியலாளர்) வருவது அப்படியல்ல.

இந்தியாவில் அந்தப் பதிவை வழங்குவது 1963-இல் தொடங்கிய இந்திய டயட்டெடிக் அசோசியேஷன். உணவியலில் பட்டமும் மேற்படிப்பும் வேண்டும். பிறகு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அதன்பின் தேர்வு.

ஆளை உருவாக்குவது அந்த மருத்துவமனை மாதங்கள்தான். உடம்புக்குக் குளிர்ச்சி என்று உறவினர் வாங்கிவரும் இளநீர், டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்தாகலாம். அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. தீக்காயம் பட்டவருக்கோ கஞ்சி மட்டும் போதாது, புரதம் கூடுதலாக வேண்டும். மூக்குக்குழாய் வழியே உணவு போகிறவருக்கு ஒவ்வொரு மில்லிலிட்டரும் கணக்கு. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் உண்டுதான். ஆனால் "ஒரு வாய் ஊறுகாய் கொடுங்கம்மா" என்று கெஞ்சும் தாத்தாவைச் சமாளிப்பது வார்டில்தான் பழகும்.

அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல், பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் கட்டாயம். குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் உண்டு. இங்கே 2021-இல் வந்த மத்தியச் சட்டம் உணவியலாளர்களையும் முறைப்படுத்த வழிவகுத்தது. தாமதம்தான், ஆனாலும் நல்லது.

வீட்டில் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால், டயட் சார்ட்டுக்குப் பணம் கட்டும் முன் எழுதுபவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள்.