எபெனேசர் என்றொரு கல்

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியெல்லாம் கற்கள்தாம். நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் இன்று மனைக் கற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே எழும் கிறிஸ்தவர் வீடுகளின் வாசலில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் எபெனேசர். முடிச்சூரில் முன்பு நாங்கள் இருந்த வீட்டுக்கும் அந்தப் பெயர்தான்.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வந்தது. எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபின் சேறு வாரிக்கொண்டிருந்தபோது, அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, ஆண்டவர் உதவி பண்ணுவார்னுதானே இந்தப் பேரு வச்சீங்க? அப்புறம் தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?"

"வாளியை எடுடா" என்றேன். வேறு பதில் அன்று என்னிடம் இல்லை.

பிற்பாடு வேதத்தைத் திறந்தேன். வீட்டுக்குப் பெயர் வைக்கும் நாமெல்லாரும் அதை 1 சாமுவேல் ஏழாம் அதிகாரத்திலிருந்து எடுக்கிறோம். அது வெற்றியின் அதிகாரம். ஆனால் எபெனேசர் என்ற பெயர் நான்காம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. இஸ்ரவேலர் அங்கே பாளயமிறங்கி, பெலிஸ்தரிடம் தோற்றார்கள். நாலாயிரம் பேர் மடிந்தார்கள். ஏன் தோற்றோம் என்று மூப்பர் கேட்டார்கள். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவரச் செய்தார்கள். பாளயமே அதிர ஆர்ப்பரித்தார்கள். மறுபடி போர், இந்த முறை விழுந்தவர்கள் முப்பதாயிரம் பேர். பெட்டியும் பறிபோனது. செய்தி கேட்ட 98 வயது ஆசாரியர் ஏலி, ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து செத்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் பேனாவை நீட்டி "ஜெபம் பண்ணிக் கொடுங்க ஐயா" என்று வரும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் பாடத்தைத் தொட்டாயா என்று கேட்காமல் விடுவதும் இல்லை. பெட்டியைச் சுமந்தவர்கள் கடவுளைச் சுமப்பதாக எண்ணிக்கொண்டார்கள். அவர் யார் தோளிலும் ஏறி வருகிறவர் அல்லர். ஏழு மாதம் கழித்து அந்தப் பெட்டி, இரண்டு கறவைப் பசுக்கள் இழுத்த வண்டியில், ஓட்டுபவன் இல்லாமலே திரும்பி வந்தது.

அதற்குப்பின் இருபது வருடங்கள் பெட்டி கீரியாத்யாரீமில் ஒரு வீட்டில் இருந்தது. வேதம் அந்த இருபது வருடங்களையும் ஒரே வசனத்தில் தாண்டிவிடுகிறது. பிரசங்கிகளும், என்னையும் சேர்த்துத்தான், தாண்டிவிடுகிறோம். எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது அந்த வருடங்கள்தாம். போர் இல்லை, அற்புதம் இல்லை. ஒரு ஜனம் மெல்ல மெல்ல மனம் கசந்து அழக் கற்றுக்கொண்டது. பின்பு மிஸ்பாவில் கூடி, உபவாசித்து, தவறு எங்கள்மேல்தான் என்றார்கள். அன்று பெலிஸ்தர் முறியடிக்கப்பட்டார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை எடுத்து நிறுத்தி, தோல்வியை நினைவூட்டும் அதே பெயரை அதற்கு இட்டார். உதவியின் கல் என்பது அதன் பொருள்.

கல் நடுவது நமக்கும் புதிதல்ல. வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. நம் கற்கள் வீரனின் பெயரைச் சொல்லும். சாமுவேல் தன் பெயரையோ எந்தப் படைத்தலைவன் பெயரையோ அதில் வைக்கவில்லை. கல்லை நாட்டிவிட்டு அவர் சொன்னதிலும் "இம்மட்டும்" என்ற சொல்தான் இருந்தது. இனிமேல் தண்ணீரே வராது என்று அந்தக் கல் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தச் சரித்திரம் தமிழில் நம் கைக்கு வந்ததும் அப்படி "இம்மட்டும்" என்று நின்று நின்றுதான். தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த சீகன்பால்கு, ரூத் புத்தகம்வரை வந்து 1719-இல் கண்மூடினார். அடுத்தது சாமுவேல். அங்கிருந்து தொடர்ந்து 1728-இல் முடித்தவர் சூல்ச்.

பேரன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். படப்பையில் கட்டிய வீட்டுக்கும் பழைய பெயர்ப்பலகையையே மாட்டச் சொன்னது அவன்தான். சேற்றுக் கறை ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

வாலிபர் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளே, அடுத்த வாரம் 1 சாமுவேல் நான்கு முதல் ஏழு வரை வாசித்துவிட்டு வாருங்கள். ஏழாம் அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டாம்.