பின்னால் நிற்பவன்



கால்பந்து என்றதும் உங்கள் நினைவுக்கு வருகிறவர் யார்? மரடோனா? மெஸ்ஸி? ரொனால்டோ? எல்லாருமே கோல் போடுகிறவர்கள்! கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோலைத் தடுத்தவன் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இதுதானே உலக வழக்கம்? நான் எழுத வந்திருப்பது அப்படி வீட்டுக்குப் போகிற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி. பெயர் டெரி ஃபீலன். மைதானத்தின் இடது ஓரத்தில் காவல் நிற்கிற 'லெஃப்ட் பேக்'. ஆடி முடித்த பிறகு பயிற்சியாளராகி, நம் பக்கத்து மாநிலங்கள் வரைக்கும் வந்தவர்.

எனக்கு ஏன் இவர்மேல் இத்தனை அக்கறை? காரணம் உண்டு.

எங்கள் ஊர் கடப்பாக்கம். 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்துப் போட்ட ஆலம்பரைக் கோட்டை இருக்கிறதே, அதற்குப் பக்கத்துக் குப்பம். அலை உள்வாங்கிய ஈர மணல்தான் எங்கள் மைதானம். ரெண்டு துடுப்பை நட்டால் கோல் கம்பம்! ஃபார்வர்டு ஆட எல்லாருக்கும் ஆசை. எனக்கோ சோத்தாங்கால் வராது, பீச்சாங்கால்தான் வரும். "பீச்சாங்கால்காரன் லெஃப்ட்ல போய் நில்லுடா" என்று சின்ன வயசிலேயே பின்னால் நிறுத்திவிட்டார்கள். இன்று நம் கல்லூரி அணியிலும் எனக்கு அதே இடம்தான்.

சும்மா நிற்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள்! கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். படகு வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் அரைவட்டம் அடித்துத் திரும்பும். கயிற்றின் ஒரு முனை மட்டும் கரையிலேயே இருக்கும். அதைப் பிடித்திருப்பவர் விட்டுவிட்டால் வலையும் இல்லை, பாடும் இல்லை. ஆனால் ஊர் பார்ப்பது படகில் போனவரைத்தான்.

லெஃப்ட் பேக் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர். எதிரணியின் வலது ஓர ஆட்டக்காரர் பந்தோடு பாய்ந்து வரும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டக் கூடாது. நீட்டினால் ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார். உள்ளே விடாமல் கோட்டுப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். பந்து வலது கோடியில் இருந்தால் நடுவுக்கு வந்து கூட்டாளிக்குத் துணை நிற்க வேண்டும். தடுப்பு வரிசை முன்னேறினால் கூடவே முன்னேற வேண்டும். ஒருத்தர் பின்தங்கினாலும் எதிரி ஆஃப்சைடிலிருந்து தப்பித்துக்கொள்வான். நேரம் பார்த்து முன்னால் ஓடிப் பந்தைக் குறுக்கே அடிக்கவும் வேண்டும், உடனே திரும்பி ஓடி வரவும் வேண்டும். இத்தனைக்கும் கூலி ஒன்றுதான். பின்னால் நிற்பதால் முழு ஆட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, ஃபீலன் கதைக்கு வருவோம்.

1967-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தவர். லீட்ஸ் யுனைடெட் அணியில் தொடங்கினார். 1986-ல், பத்தொன்பது வயசில், பணம் எதுவும் வாங்காமலே அவரை விட்டுவிட்டார்கள். 'நீ வேண்டாம்' என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறை அது! போய்ச் சேர்ந்த இடம் நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஸ்வான்சி சிட்டி. ஒரே வருஷம். 1987-ல் முதல் பிரிவு அணியான விம்பிள்டன் அவரை எடுத்துக்கொண்டது.

விம்பிள்டனும் நம்மைப் போல அடிமட்டத்திலிருந்து வந்த அணிதான். 1977 வரை அதற்கு லீக்கிலேயே இடம் கிடையாது. 1988 மே 14 அன்று வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அந்த வருஷத்து லீக் சாம்பியன் லிவர்பூல்! லாரி சான்செஸ் தலையால் முட்டிய ஒரே கோல். ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை கோல் கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். 1-0 என்று விம்பிள்டன் வென்றது. அன்று இடது ஓரத்தைக் காத்தவர் ஃபீலன். 1992-ல் மான்செஸ்டர் சிட்டி அவரை 25 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பணமே வேண்டாம் என்று விட்ட பையனுக்கு ஆறே வருஷத்தில் இந்த விலை!

1993-ல் டாட்டன்ஹாமுக்கு எதிரான கோப்பைக் காலிறுதியில் தன் பாதியிலிருந்தே பந்தைக் கொண்டுபோய் ஒரு கோல் போட்டார். கண்கொள்ளாக் காட்சி! ஆனால் சிட்டி 2-4 என்று தோற்றது. லெஃப்ட் பேக் கோல் போட்டால்கூட அது தோற்ற ஆட்டமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது!

பிறந்தது இங்கிலாந்து என்றாலும் அவர் ஆடியது அயர்லாந்து நாட்டுக்காக. மொத்தம் 42 ஆட்டங்கள். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை 1-0 என்று வென்ற அணியில் இருந்தார். அடுத்த சுற்று ஜூலை 4, ஆர்லாண்டோ நகரம், நெதர்லாந்தோடு ஆட்டம். கொளுத்தும் வெயில். பதினோராவது நிமிஷம் ஃபீலன் கோல் கீப்பருக்குத் தலையால் தட்டிய பந்து பாதி தூரம்தான் போனது. ஓவர்மார்ஸ் பாய்ந்து எடுத்தார், பெர்காம்ப் கோலாக்கினார். பிறகு யோங்க் தூரத்திலிருந்து அடித்த பந்து கோல் கீப்பர் பேக்கி பானரின் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. 0-2. அயர்லாந்து ஊருக்குத் திரும்பியது.

உலகமே பார்க்க நடந்த தவறு. அதோடு முடிந்துவிட்டதா? இல்லை நண்பர்களே! ஃபீலன் 2000 வரைக்கும் அயர்லாந்துக்கு ஆடினார். செல்சி, எவர்ட்டன், ஃபுல்ஹாம் என்று அணிகள் மாறின. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலும் ஆடினார். நியூசிலாந்தின் ஒட்டாகோ யுனைடெட்டில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பானரோ பின்னாளில் அயர்லாந்து கோல் கீப்பர்களுக்குப் பயிற்சியாளரானார். அன்றைக்குத் தவறிய இரண்டு பேருமே ஆசிரியர்கள்! எங்கே வழுக்கும் என்பது விழுந்தவனுக்குத்தானே தெரியும்?

ஃபீலன் நம் பக்கம் வந்த கதையும் சுவையானது. 2015-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு வந்தார். வந்த வேலை இளம் பிள்ளைகளுக்கான பயிற்சி. அந்த ஐ.எஸ்.எல். பருவத்தில் அணி தொடர்ந்து தோற்க, தலைமைப் பயிற்சியாளர் பீட்டர் டெய்லர் பாதியிலேயே விலகினார். மீதிப் பருவத்தை ஃபீலன் தலையில் கட்டினார்கள். எட்டு அணிகளில் கேரளா கடைசி இடம். அவர் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பிறகு பெங்களூருவில் சவுத் யுனைடெட் கழகத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஏற்றார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியின் லெஃப்ட் பேக் சைலன் மன்னா. பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டவரும் அவர்தான். 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவரும் அவரேதான்! 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன சைமன் சுந்தரராஜ் பயிற்சியாளராகி, 1973-ல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஒரு கேள்விதான் காரணம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன். நைனாவுக்குக் கையெழுத்து வராது. முதல் வருஷம் நான் டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க அப்பன் எனக்கு வலை பின்னக் கத்துக் குடுத்தான். நான் உனக்குக் குடுத்தேன். இப்ப நீ படிக்கிறியே, இது யாருக்குடா போவும்?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். (பெயர் போட்டால் அடிக்க வருவார்!) அவரைப் போல ஆடினவர் எங்க பக்கத்திலேயே இல்லை என்பார்கள். பத்தொன்பது வயசில் மெட்ராசுக்கு ஒரு அணித் தேர்வுக்குப் போனார். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை. ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். ஒருநாள் அந்த 1994 ஆட்டத்தைச் செல்போனில் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார்.

"அவன் நெனச்சது சரிதான்டா. வெயில்ல ஒடம்பு வரல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப இன்னா பண்றான்?"

"பசங்களுக்குச் சொல்லித் தர்றாருண்ணா. லீட்ஸ்ல வேணாம்னு அனுப்பினவங்கதான் இவரை."

ஒன்றும் பேசாமல் வலையை உதறப் போய்விட்டார். ரெண்டு ஞாயிறு கழித்து, நாங்கள் ஆடும்போது கரையோரம் வந்து நின்றார். ஒரு பொடியன் காலை நீட்டி ஏமாந்ததும் பொறுக்கவில்லை. "டேய், காலை நீட்டாத! கோட்டுப் பக்கம் தள்ளுடா!" என்று மணலில் இறங்கிவிட்டார். இப்போது தொழிலுக்குப் போகாத நாளில் எல்லாம் வருகிறார். எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை: "ஆட்டம் நான் சொல்லித் தர்றேன். இருட்டினப்புறம் கணக்கு நீ சொல்லிக் குடு. அந்த ரெண்டு பையனுங்க ஸ்கூலுக்கே போறதில்ல, தெரியுமா?" அந்த இருவரில் ஒருவன் மறுபடி போக ஆரம்பித்திருக்கிறான். இன்னொருவனை இன்னும் விரட்டிக்கொண்டிருக்கிறோம்!

நண்பர்களே! நாளைக்கு நாம் மறைமலை நகரிலோ ஒரகடத்திலோ வேலைக்குப் போவோம். எஞ்சினியர் பெயர் பலகையில் இருக்கும், நம் பெயர் ஷிஃப்ட் நோட்டில் இருக்கும். அதற்காகச் சோர்ந்து போக வேண்டாம். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும். தெரிந்ததை நம்மோடு வைத்துக்கொள்ளாமல், உங்கள் தெருவில் அடுத்து வருகிற ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ சொல்லிக் கொடுங்கள். ஒருத்தருக்குப் போதும்.

நைனாவுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை