சிறுசேரியில் ஒரு டிரைவர்

"உங்க பையனுக்கு எங்கேம்மா வேலை?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டதற்கு, "சிறுசேரியிலே டிரைவர் வேலை" என்று என் அம்மா பதில் சொல்லிவிட்டார்கள். பி.எஸ்ஸி. படித்த பையனுக்கா இந்த நிலைமை என்று பெரியம்மாவுக்கு ஒரே வருத்தம். மறுநாள் காலை என்னைப் பிடித்துக்கொண்டு, "ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டியா கண்ணு? ராத்திரி வண்டி மட்டும் ஓட்டாதே" என்று அறிவுரை வேறு கூறினார்கள். நானும், "சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டேன். விளக்கிச் சொல்லியிருக்கலாம், ஆனால் தாம்பரத்தில் அந்த எட்டு மணி பஸ்ஸை விட்டால் வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம் என்று ஊர்ந்து கேளம்பாக்கம் போய், அங்கே வேறு பஸ் மாறிச் சிறுசேரி சிப்காட் வாசலை அடைவதற்குள் பத்தரை மணியாகிவிடும். அன்று பெரியம்மாவிடம் சொல்லாமல் விட்ட விளக்கத்தைத்தான் மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுதுகிறேன்.

இக்கல்லூரியில் இளங்கலை முடித்து, 2019இல் சிறுசேரியில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்து, நான்காண்டு வேலை பார்த்துவிட்டு, மீண்டும் இங்கேயே முதுகலைக்கு வந்து அமர்ந்திருப்பவன் நான். அந்த நான்காண்டும் நான் பார்த்தது டிரைவர் வேலைதான். அம்மா சொன்னது பொய்யில்லை.

கணிப்பொறிக்குள் 'கெர்னல்' என்று ஒன்று உண்டு. தேங்காய்க்குப் பருப்பு எப்படியோ அப்படி, இயக்க முறைமைக்குக் கெர்னல். நாம் ஓட்டும் நிரல்கள் எதுவும் வன்பொருளைத் தாமாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்டுத்தான் தொடுகின்றன. ஆனால் உலகத்திலுள்ள ஆயிரமாயிரம் அச்சுப்பொறிகள், வட்டுகள், சுட்டிகள், ஒலி அட்டைகள் ஆகிய ஒவ்வொன்றின் குணமும் கெர்னலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் அதன் பாஷை தெரிந்த ஒரு துண்டு நிரல் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். லினக்ஸ் கெர்னல் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 2 கோடியே 78 லட்சம் வரிகள் கொண்டதாக இருந்தது. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்களே. பருப்பைவிடச் சிரட்டை பெரிதாகிவிட்ட தேங்காய் என்று எங்கள் குழுத்தலைவர் சொல்வார்.

இது தொடங்கிய விதம் வேடிக்கையானது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயக்க முறைமை எழுதிவருவதாக அறிவித்தபோது, தன்னிடமிருக்கும் ஒரே வகை வட்டைத் தவிர வேறெதையும் அது ஆதரிக்கப் போவதில்லை என்றார். அவரிடம் இருந்தது 386 செயலி பொருத்திய கணிப்பொறி. அந்த 386 செயலிக்கான ஆதரவே 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பில் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. தம் முதல் கணிப்பொறி இனி தாம் எழுதிய கெர்னலை ஓட்டாது என்பது பற்றி லினஸ் கண்ணீர் வடிக்கவில்லை. நானாக இருந்தால் ஒரு நாளாவது சாப்பிடாமல் இருந்திருப்பேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் அக்காவின் மடிக்கணினி. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது அது. அதில் விண்டோசோடு 'பாஸ்' என்னும் லினக்சும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அந்த பாஸ். அக்கா அதைத் திறந்ததே இல்லை. நான் திறந்தேன். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, ஏன் என்று குடைந்ததில் பிளஸ் டூ கணக்குத் தேர்வில் பன்னிரண்டு மதிப்பெண் போயிற்று. கணிதத் துறைப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒரு டிரைவரை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியாது. வீடு கட்டியவன் போய்விடுவான். ஓடு மாற்றுகிறவன் வருடாவருடம் வரவேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. 2017இல் கெர்னலுக்குள் நேரங்காட்டிகளை அமைக்கும் முறையைப் பாதுகாப்புக் கருதி மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்களில் கைவைக்க வேண்டியதாயிற்று. இங்கே ஒரு நல்ல மரபு உண்டு: எவர் உள்ளமைப்பை மாற்றுகிறாரோ, அவரே அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் திருத்தித் தரவேண்டும். ஆகவே கெர்னலுக்குள் இடம்பிடித்துவிட்ட டிரைவர் பிழைத்துக்கொள்ளும். வெளியே தனியாகத் திரியும் டிரைவர் இரண்டொரு பதிப்புகளில் ஓடாமல் போகும்.

ஆனால் திருத்துகிறவர் கையில் அந்தக் கருவி இருக்காது. நூறு டிரைவர்களைத் திருத்துகிறவர் நூறு கருவிகளுக்கு எங்கே போவார்? அதனால்தான் ஒவ்வொரு டிரைவருக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டியிருக்கிறார். 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு உண்டு. யார் எதற்குப் பொறுப்பு என்ற பதிவேடு. சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்களா, அன்புக்காகப் பார்க்கிறார்களா, நேரம் கிடைத்தால் மட்டும் பார்ப்பார்களா என்றெல்லாம் அதில் குறிப்பு இருக்கும். ஆளே இல்லை என்றால் 'அநாதை' என்று எழுதிவிடுவார்கள். மிகையில்லை, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 2019 ஜூலையில்தான் பிளாப்பி வட்டின் டிரைவர் அநாதையாயிற்று. அதைப் பார்த்துவந்தவரிடம் வேலை செய்யும் பிளாப்பி கருவி ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டதே காரணம். லினஸே அந்தக் குறிப்பை எழுதினார். ஆனால் மெய்நிகர்க் கணிப்பொறிகளில் பாவனைப் பிளாப்பி இன்னும் புழங்குவதால் அதை எடுத்தெறியவும் முடியவில்லை. சில மாதங்களுக்குள் வேறொருவர் முன்வந்து அதைத் தத்தெடுத்துக்கொண்டார். சம்பளமா, புகழா, எது அவரை இழுத்தது? முதல் வாரமே இதைப் படித்துவிட்டு, நல்ல இடத்திற்குத்தான் வந்திருக்கிறோம் என்று எண்ணினேன்.

இனி என் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

எங்கள் குழுவின் பொறுப்பில் பழைய ஜாய்ஸ்டிக் வகைக் கருவிகளுக்கான டிரைவர் ஒன்று இருந்தது. அதை முதலில் எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி செத்துப் பல வருடமாகியிருந்தது. 2020ஆம் ஆண்டு இறுதி. கொரோனாவினால் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின் பட்டறை. ஒரு பக்கம் அவர் மெஷின்களைப் பிரித்துப் போட்டிருப்பார், மறுபக்கம் நான். அந்த டிரைவரைப் படித்துக்கொண்டு வந்தபோது, கருவியை எழுப்பியபின் ஐம்பது மில்லி செகண்டு சும்மா காத்திரு என்று ஒரு வரி கண்ணில் பட்டது. ஏன் என்று விளக்கம் இல்லை. எங்களிடமிருந்த கருவியில் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. வேண்டாத வரி என்று தீர்மானித்து, நீக்கும் திருத்தத்தை எழுதி, அடியில் என் பெயரைக் கையொப்பமிட்டு அனுப்பினேன். 2004 முதல் கெர்னலில் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் அப்படிக் கையொப்பமிட வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டு அடுத்த பதிப்பில் வெளிவந்தது. உலகத்துக் கணிப்பொறிகளிலெல்லாம் என் கைவேலை! எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக்கூட அன்று இனிப்புக் கொடுத்தேன்.

2021 ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் ஒரு சிற்றூரிலிருந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். கணிப்பொறியைப் புதுப்பித்ததிலிருந்து ஜாய்ஸ்டிக் மூன்று முறைக்கு ஒருமுறைதான் விழித்துக்கொள்கிறது என்றார். நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. "எங்களிடம் நன்றாக ஓடுகிறது. உங்கள் கேபிள் பழுதாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள்" என்று இரண்டே வரி.

அவர் சண்டை போடவில்லை. மூன்று வாரம் கழித்து மறு கடிதம் வந்தது. ஓடிய பதிப்புக்கும் ஓடாத பதிப்புக்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள். அவற்றை நடுவில் பிளந்து, அங்கே ஓடுகிறதா பார்த்து, ஓடாத பாதியை மறுபடி நடுவில் பிளந்து தேடும் முறை ஒன்று உண்டு. பதினான்கு முறை பிளந்தால் பதினாறாயிரம் திருத்தங்களிலும் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் கெர்னலைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். அவருடைய பழைய கணிப்பொறியில் ஒரு தொகுப்புக்கு ஓர் இரவு. பதினான்கு இரவுகள் விழித்து, அந்த ஆசிரியர் கண்டுபிடித்து அனுப்பியிருந்தது என் திருத்தத்தை. என் பெயர், என் கையொப்பம். கடைசியில் ஒரு வரி: நோயினால் கைகள் இயங்காத தம் மனைவி அந்த ஜாய்ஸ்டிக்கை மோவாயால் அசைத்துத்தான் மகளுக்குக் கடிதம் எழுதுகிறார், அவசரமில்லை, ஆனால் முடிந்தால் பாருங்கள்.

நான் அன்று மதியம் சாப்பிடவில்லை. குழுத்தலைவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, தப்பு என்னுதுதான்" என்றேன். அவர் திருநெல்வேலிக்காரர், அதிகம் பேசமாட்டார். "சரிடே. முதல்ல அந்த வரியைத் திரும்பப் போடு. ஆராய்ச்சியெல்லாம் பொறவு" என்றார். ஓடிக்கொண்டிருந்ததை உடைத்தால், உடைத்தவனின் நியாயம் கேட்கப்படாது. பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பது கெர்னலில் எழுதாத சட்டம் மட்டுமல்ல, பலமுறை எழுதப்பட்ட சட்டமும்கூட.

அப்பா மெஷினிலிருந்து தலை நிமிர்த்தாமலே, "என்னடா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் ஒரு பழைய கதை சொன்னார். ஒருமுறை ஒரு அம்மாவின் தையல் மெஷினில் ஸ்பிரிங்குக்கு அடியில் மடித்து வைத்த அட்டைத்துண்டு ஒன்று இருந்ததாம். எவனோ அரைகுறை வைத்தது என்று தூக்கிப் போட்டுவிட்டாராம். மறுநாளே அந்த அம்மா மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். நூல் அறுந்து அறுந்து போகிறதாம். "குப்பையிலே தேடி எடுத்து அதே அட்டையை வெச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மெஷின்லே ஸ்பிரிங்கே வேற சைஸு" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டார்.

எங்கள் கதையும் அதேதான். அந்தக் கருவி இரண்டு தலைமுறையாக வந்திருக்கிறது. வெளியே ஒரே உருவம், ஒரே எண். உள்ளே வேறு சில்லு. பழையது விழித்துப் பதில் சொல்ல நாற்பது மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எங்களிடமிருந்தது புதியது. ஐம்பது என்று எழுதியவர் அதை அறிந்தவர். எழுதி வைக்கத்தான் மறந்துவிட்டார். நான் அந்த வரியைத் திருப்பிப் போட்டு, மேலே நான்கு வரிகளில் காரணத்தையும் எழுதினேன். பிழையைத் தெரிவித்தவர் என்ற இடத்தில் ஆசிரியரின் பெயரைப் போட்டேன். சோதித்தவர் என்ற இடத்திலும் அவர் பெயரே. பதினைந்து நாளில் திருத்தம் வெளிவந்தது. கேபிள் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுத் தனியே ஒரு கடிதம் எழுதினேன். அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

பதிலாக ஒரு பார்சல் வந்தது. பழைய தலைமுறை ஜாய்ஸ்டிக் ஒன்று; அவர்களிடம் உபரியாக இருந்ததாம். இனித் திருத்தும்போது இதிலும் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு சீட்டு. தபால்காரர் சுங்கவரி கேட்டபோது அம்மா, "நாமதானே தப்புப் பண்ணினோம், நாமதான் கட்டணும்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு யார் இதையெல்லாம் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2023இல் வேலையை விட்டபோது கம்பெனி முகவரி செத்துவிடுமே என்று, பதிவேட்டில் என் சொந்த முகவரியை மாற்றிப் பதிந்தேன். நிலை என்ற இடத்தில், நேரம் கிடைத்தால் மட்டும் பார்ப்பவர் என்று குறித்தேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று திருத்தங்கள் வருகின்றன. பெரும்பாலும் ஒருவரும் அந்தக் கருவியை வைத்திராதவர்களிடமிருந்து. கழிந்த இன்டர்னல் தேர்வுக்கு முந்திய நாள் ஒன்று வந்தது. அந்த ஐம்பது மில்லி செகண்டை இருபதாகக் குறைக்கலாமே என்று ஓர் இளைஞர் கேட்டிருந்தார். தேர்வு முடியட்டும், சோதித்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். ஜாய்ஸ்டிக் அப்பாவின் மரப்பெட்டியில், பாபின் கேஸ்களுக்கும் பழைய ஷட்டில்களுக்கும் நடுவே இருக்கிறது. சனிக்கிழமை எடுத்துத் துடைத்துச் சொருகிப் பார்க்க வேண்டும்.