ராத்தாவின் ஓட்டம்

எங்கள் ராத்தாவுக்கு 21 வயது. கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்க அவருக்கு இன்னும் வராது. ஒரே கேள்வியை நாலு தரம் கேட்பார். ஆனால் ஓடுவார். விடியற்காலையில் வாப்பாவோடு மைதானத்துக்குப் போய், நான்கு சுற்று ஓடிவிட்டு வந்துதான் பிளேன்டீ குடிப்பார்.

"பொம்புளப் புள்ள, அதிலயும் இப்படியான புள்ள. ஓட்டம் என்னத்துக்கு?" என்று ஒரு மாமி கேட்டார்.

"ஏலாது ஏலாது எண்டு எத்தனையோ சொல்லிட்டாங்க. ஏலுமான ஒண்டைச் செய்யட்டுமே" என்றார் வாப்பா.

உண்மையைச் சொன்னால், அந்த மாமியைவிட நான் நல்லவள் இல்லை. என் தோழிகள் வீட்டுக்கு வரும்போது ராத்தாவை உள்ளறையில் இருக்கச் சொன்னவள் நான்தான்.

ராத்தா ஓடுவது விசேட ஒலிம்பிக் முறையிலான போட்டிகளில். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இவ்விளையாட்டு விழா 1968 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொடங்கியது. தொடங்கியவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவருடைய மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கும் இதே குறைபாடு இருந்தது. அவரும் ஒரு ராத்தாவின் தங்கச்சிதான்.

இப்போட்டியில் எல்லோரையும் ஒன்றாக ஓட விடுவதில்லை. முதலில் ஒரு தகுதிச் சுற்று. அதில் எடுத்த நேரத்தைப் பார்த்து, ஏறக்குறைய சமமானவர்களை ஒரு குழுவில் சேர்ப்பார்கள். இதை அறிந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தகுதிச் சுற்றில் மெதுவாக ஓடினால் இலேசான குழு கிடைக்கும். இறுதியில் பதக்கம் நிச்சயம். பதக்கம் இருந்தால் தோழிகளிடம் ராத்தாவைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசலாம்.

"ராத்தா, முதல் ஓட்டத்தில மெல்ல ஓடுங்க" என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் தலையாட்டினார்.

விசில் ஊதியதும் ராத்தா பறந்தார். வேகமான குழுவில் சேர்க்கப்பட்டார். இறுதி 100 மீற்றரில் ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தார். முதல் மூவருக்கும் பதக்கம். ராத்தாவுக்கு ஒரு நிறப்பட்டி.

எனக்குக் கோபம் வந்தது. "மெல்ல ஓடச் சொன்னேனே!" என்றேன்.

ராத்தா மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். "ஓடச் சொன்னா ஓடத்தானே வேணும் தங்கச்சி" என்றார்.

இறுதி ஓட்டத்தில் ஒருவர் தகுதிச் சுற்றைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகம் காட்டினால் அவரைப் போட்டியிலிருந்து நீக்க விதி உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். என் யோசனை ராத்தாவின் ஓட்டத்தையே பறித்திருக்கும்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்றையும் வாசித்தேன். 2000 ஆம் ஆண்டு சிட்னி பராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. அவ்வணியில் பெரும்பாலோருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பின்னர் வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஆனால் தண்டனை அனுபவித்தவர்கள் உண்மையான வீரர்கள். 2004, 2008 பராலிம்பிக் போட்டிகளில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. 2012 இல் இலண்டனில்தான் கதவு மீண்டும் திறந்தது. கெட்டிக்காரர்கள் நடித்தார்கள்; நடிக்கத் தெரியாதவர்கள் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார்கள். நானும் ராத்தாவுக்கு நடிக்கத்தானே சொல்லிக் கொடுத்தேன்!

போன மாதம் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். ராத்தாவே நிறப்பட்டியை எடுத்து வந்து, "அஞ்சாவது" என்று காட்டினார். நான் அவரைப் பக்கத்தில் இருத்தி, அந்த ஓட்டத்தின் கதையை முழுதாகச் சொன்னேன், மெல்ல ஓடச் சொன்னதையும் மறைக்காமல்.