கடல் இல்லாத ஊரில் கடல் உயிர்

ரொறன்ரோவில் கடல் இல்லை. பாறைக்குழிகளில் ஒட்டிப் படரும் வண்ண உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோடை விடுமுறையில் ஃபண்டி விரிகுடா வரை காரோட்ட வேண்டும் என்றுதான் ஸ்காபரோ வீடுகளில் நினைப்பார்கள்.

போனாலும் பெயர் சொல்வது லேசில்லை. நிறம் ஆளை ஏமாற்றும். பச்சையோ மஞ்சளோ, மேலே குட்டி எரிமலை வாய்கள் திறந்திருந்தால் பெரும்பாலும் கடற்பஞ்சு. வழுவழுப்பான படலத்துக்குள் நட்சத்திரங்கள் தெரிந்தால் போட்ரில்லஸ் என்ற அசிடியன்; பார்வைக்கு வெறும் கூழ், வம்சத்திலோ முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய சொந்தம். இளஞ்சிவப்புப் பூச்சு பல நேரம் விலங்கே அல்ல, சுண்ணாம்புப் பாசி.

நிறத்தை மறந்துவிட்டுப் பார்க்கப் பழக ரொறன்ரோ நல்ல பள்ளிக்கூடம். ஹம்பர் ஆற்றங்கரையிலும் மிமிக்கோ ஓடையிலும் வெளியே தெரியும் சாம்பல் நிறக் களிப்பாறை, சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் படிந்த சேறு. அப்போது இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிடந்தது. அந்தப் பாறையிலிருந்து பெயர்ந்த துண்டொன்றை நனைத்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால், சிப்பி போன்ற ஓட்டின்மேல் மெல்லிய பொருக்கு. பொருக்கு முழுக்க ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஓர் அறை. அறைக்கு ஒன்றாகக் குடியிருந்த பிரையோசோவா என்ற குட்டி விலங்குகள், உணர்கொம்புகளை நீட்டி நீரில் மிதந்து வந்த இரையைப் பிடித்துத் தின்றன. நிறம் என்றோ போய்விட்டது, அறைகள் போகவில்லை.

அறைகள் இருந்தும் நிபுணர்களே தடுமாறினார்கள். 1871 முதல் 1874 வரை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஹென்றி அலீன் நிக்கல்சன், வெளித்தோற்றத்தை நம்பாதவர். இத்தகைய புதைபடிவங்களை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலியவைத்து நுண்ணோக்கியில் வைத்தார். 1881இல் மான்டிகுலிபோரா என்ற பேரினம் பற்றித் தனி நூலே எழுதினார். எழுதி, அதைப் பவளங்களின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்! உல்ரிச் போன்ற புதைபடிவ ஆய்வாளர்கள் ஒப்பவில்லை. 1912இல் கமிங்ஸ் என்ற ஆய்வாளர், குடியிருப்பு முளைவிடும் முதல் அறையிலிருந்து வளர்ச்சியைத் தொடர்ந்து காட்டி, பிரையோசோவா பக்கம் வழக்கைத் திருப்பினார். நிக்கல்சனின் முடிவு தோற்றது. அவர் கையாண்ட மெல்லிய வெட்டு முறையோ இன்றும் ஆய்வகங்களில் நடப்பில் இருக்கிறது.

ஹம்பர் பக்கம் போகிறவர்கள் நீர் குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள். சுத்தியல் வேண்டாம், லென்ஸ் போதும். படமெடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து வரும் பிள்ளைகளும் பார்க்கட்டும்.